பரிசீலனையில் இருக்கிறது

மாயாபந்தர் படகுத்துறையை ஒட்டிய தன் டீக்கடையில், கொதிக்கும் பாலிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்கிறாள் சம்சாத். மழை விட்டு அடிக்கும் வெயில் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வட்ட வட்டமாய்ப் பெஞ்சின்மேல் விழுகிறது. அதில் உட்கார்ந்திருப்பவன் சுதாகர். துறையோரக் கடைகளுக்கு இடம் ஒதுக்கும் ஆபீஸில் குமாஸ்தா. "கடைய எடுக்கச் சொல்லி ஆர்டர் வந்துருச்சாமே, தம்பி?" என்கிறாள். "அரே, யாரு சொன்னதுக்கா? ஃபைல் பரிசீலனையிலதான் இருக்கு. ஆபீசர் சாப் இன்னும் முடிவே எடுக்கல." பரிசீலனை என்ற சொல்லை அச்சுவெல்லம்போல் நாக்கில் உருட்டுகிறான். பக்கத்துக் கடை இந்திராணியிடம் 'தற்காலிகமாக அப்புறப்படுத்துகிறோம்' என்றுதான் சொன்னார்கள். அவள் அடுப்பு எரிந்த இடத்தில் இன்று ஆடு மேய்கிறது. சம்சாத் டீயை ஆற்றுகிறாள். சுதாகருக்குக் கடைக் கிளாஸ் ஆகாது. இந்த ஊருக்கு வேலைக்கு வந்த நாள் முதல் அவனுடைய எவர்சில்வர் டம்ளர் இங்கேதான், சர்க்கரை டப்பாவின்மேல் கவிழ்ந்து கிடக்கும். அதில் ஊற்றிக் கொடுக்கிறாள். ஊதி ஊதிக் குடிக்கிறான். "டென்ஷன் ஆகாதீங்கக்கா. உங்க கடைய யாரு தொடப்போறா?" துறையில் படகு ஹாரன் அடிக்கிறது. அவன் எழுந்து, என்றும் இல்லாத வழக்கமாய், டம்ளரைத் தானே அலசிக் கைக்குட்டையால் ஈரம் போகத் துடைக்கிறான். வாங்கிக் கவிழ்த்து வைக்கச் சம்சாத் கையை நீட்டுகிறாள். அதைப் பார்க்காதவன்போல் அவன் டம்ளரைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கிறான்.