சொட்டாத பிரஷ்

“உள்ள நுழையும்போதே தண்ணி பாட்டிலைப் பிடுங்கி வெச்சுக்குவாங்க. உக்காந்தா எழுந்திரிக்க முடியாது. பக்கத்து சீட்காரர் மேல ஒரு சொட்டு சிந்தினாலும் வம்பு. அதுக்குத் தோதா ஒரு வாட்டர் கலர் பிரஷ் காட்டுங்க.”

“பிளேன்லயா வரையப் போறீங்க, மேடம்?” ஓவியச் சாமான் கடைக்காரரின் குரலில் மரியாதை ஒரு படி ஏறியது. அவள் சிரித்துக்கொண்டே பிரஷ் வரிசையை நோட்டம் விட்டாள்.

கடையின் மறுகோடியில் தன் போட்டோவுக்குத் தங்க முலாம் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்த கட்டுமானக் கம்பெனி சேர்மன், காதைத் தீட்டிக்கொண்டார்.

அவர் கட்டிய அடுக்குமாடி ஒன்றில் போன வருஷம் படிக்கட்டு மட்டும் தனியாகக் கீழே இறங்கிவிட்டது. அதில் ஏறிக்கொண்டிருந்தவர்களும் கூடவே இறங்கி, இன்னும் ஊன்றுகோலில் நடக்கிறார்கள். நாளைக்குக் கோர்ட்டில் விசாரணை.

ஜெயிலைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். கூண்டில் நிற்கிற கோலத்தை எவனாவது படம் பிடித்துப் போட்டுவிட்டால் என்ன ஆவது? அதில்தான் தூக்கம் போயிருந்தது. உள்ளே கேமராவும் செல்போனும் கூடாது என்று உத்தரவு வாங்கிவிட்டதாக இன்று காலையில் வக்கீல் போன் பண்ணினார். அந்தச் சந்தோஷத்தில்தான் இந்தத் தங்க ஃபிரேம்.

திரும்பிப் பார்த்தவருக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. அட, இவளா!

ஆபீஸ் வரவேற்பறைக்கு அவரை வரைந்து கொடுத்தவள். தாடையைக் குறை என்றார், கண்ணுக்குக் கீழே தொங்குவதை எடு என்றார். “இருக்கிறதைத்தானே சார் வரைய முடியும்?” என்று வாயாடினாள். மொத்த ஆபீஸையும் கூட்டிவைத்து, அவள் கண்ணெதிரே டிரைவரை விட்டு அந்தப் படத்தைக் கிழிக்கவைத்தார்.

அதோடு விடவில்லை. தெரிந்த பெரிய மனிதர்களிடமெல்லாம் ஒரு வார்த்தை போட்டுவைத்தார். அதற்கப்புறம் எந்தப் பெரிய வீட்டுச் சுவரும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அப்படி நசுக்கியும் பிளேன் ஏறுகிறாளாமே! சேர்மனுக்கு வயிறு எரிந்தது.

“என்னம்மா, இன்னும் பிரஷ்ஷை விடலையா நீ?”

ஒரு கணம் அவள் முகம் கறுத்தது. “நீங்கதான் விட வெச்சீங்களே சார். ஸ்கூல் வேனுக்கு நம்பர் எழுதிட்டிருந்தேன். இப்பதான் உருப்படியா ஒரு வேலை வந்திருக்கு.”

“பறந்து பறந்து வரையிற வேலையாக்கும்! பலே, பலே!”

மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினால் நீளமாகிவிடும் குட்டிப் பிரஷ் ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். “அசல் முடி, மேடம். பையில போட்டா இருக்கிற இடமே தெரியாது.”

“இதுக்குத் தனியா கிண்ணத்துல தண்ணி வேணுமே” என்றாள் அவள்.

“அதான் தண்ணி கூடாதுன்னு சொல்லிச்சே, காதுல விழலையா?” சேர்மன் இடையில் புகுந்து கடைக்காரரை அதட்டினார். மீசைக்கு மை பூசுவதைத் தவிர பிரஷ்ஷோடு அவருக்கு வேறு பழக்கம் கிடையாது. ஆனால் தெரியாத விஷயம் என்றால்தான் அவருக்குப் பேச்சு சரளமாக வரும். “அந்தப் பேனா மாதிரி தொங்குதே, அதை எடுய்யா.”

அட்டையில் அச்சடித்திருந்ததை ஓரக்கண்ணால் படித்துக்கொண்டே தொடர்ந்தார். “வயித்துல தண்ணியை ரொப்பி மூடிக்கிட்டா தீந்தது வேலை. மெல்ல அமுக்கினா நுனிக்குத் தண்ணி வரும். செக்கிங்ல பேனான்னு நினைச்சு விட்டுடுவான். நாங்கள்லாம் எத்தனை பிளேன் பார்த்தவங்க!”

அவள் தண்ணீர் நிரப்பி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். சொட்டவில்லை. காகிதத்தில் ஒரு கோடு இழுத்தாள், தலைமுடி கனத்துக்கு வந்தது.

“இவ்வளவு மெல்லிசு எதுக்கு? தடிமனா எடு. மேகம், வானம்னு ஒரே இழுப்பா இழுத்துவிடலாம்.”

“மேகம் இல்ல சார், முகம் வரையணும். சுருக்கம், தொங்கல், ஒண்ணு விடாம வரணும்.”

“யார் முகம்?”

“எதிர்ல நிக்கிறவங்க முகம்.”

“ஓ, ஏர் ஹோஸ்டஸா! பாவம், அதுங்களையாவது கொஞ்சம் பார்க்கிற மாதிரி வரை.” கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். கடைக்காரரும் வியாபாரத்துக்காகச் சிரித்துவைத்தார்.

சேர்மனுக்கு இன்னும் ஆசை அடங்கவில்லை. ஒருத்தியை விரட்டுவதில் ஒரு சுகம் என்றால், விரட்டியவளுக்கே நாலு பேர் முன்னால் தானம் கொடுப்பதில் இன்னொரு சுகம். “அந்தப் பிரஷ்ஷையும் என் பில்லுல சேருய்யா. பொழைச்சுப் போகட்டும்.”

வேண்டாம் என்று மூக்கைச் சிந்துவாள், இன்னும் இரண்டு வார்த்தை குத்தலாம் என்று காத்திருந்தார். அவளோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“ரொம்ப நன்றி சார். எனக்கு இதைவிடப் பொருத்தமான பிரஷ்ஷை யாரும் பொறுக்கிக் குடுத்திருக்க முடியாது.”

“இருக்கட்டும், இருக்கட்டும். வரைஞ்சதுல ஒண்ணை எனக்கும் அனுப்பு.”

“அனுப்பவே வேணாம் சார். நாளன்னிக்குக் காலையில பேப்பர்ல, முதல் பக்கத்துலயே வந்துடும். பேப்பர்காரங்கதான் எனக்கு இந்த வேலை குடுத்திருக்காங்க.”

“முதல் பக்கத்துலயா? ஏர் ஹோஸ்டஸ் படமா?”

அவள் பிரஷ்ஷை மூடி, பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“நாளைக்குக் கூண்டுல ஏறினதும் முகத்தைக் கொஞ்சம் என் பக்கமா வெச்சுக்குங்க, சார்.”