வலி தெரியும் இடம்

கணவர் ஹேமநாதனின் கையில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. மனைவி மலரின் மூளை அசையவே இல்லை.

லோஷினி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையையே பார்த்தாள். தன் வலியையும் துணையின் வலியையும் மூளையில் எந்த இடம் உணருகிறது என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி அது. ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு அதுதான் வேலை.

ஸ்கேன் மெஷினுக்குள் மலர் படுத்திருந்தாள். முகத்துக்கு மேலே பொருத்தியிருந்த கண்ணாடியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் அவளுக்கு நன்றாகவே தெரிவார். முதலில் அவள் கையில் சூட்டுக் கருவியை வைத்தபோது திரையில் ஓரிடம் சிவந்தது. கணவர் கையில் வைத்தாலும் அதே இடம் கொஞ்சமாவது சிவக்க வேண்டும். இதுவரை வந்த மனைவிகள் எல்லோருக்கும் சிவந்தது.

இவளுக்கு ஒன்றுமே இல்லை.

"இன்னும் கொஞ்சம் கூட்டலாமா அண்ணே? தாங்குவீங்களா?" லோஷினி மைக்கில் கேட்டாள்.

"எனக்குப் பரவால்ல லா. அவளுக்குத்தான் உள்ள குளிரும். போர்வை சரியா இருக்கான்னு பாரும்மா."

கெலாங் பாத்தாவிலிருந்து வந்து இறங்கியதிலிருந்தே அவர் அப்படித்தான். மனைவியின் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டார். அவள் கழற்றிய செருப்பைக் கூட எடுத்து ஓரமாக வைத்தார். அவள்தான் வாயே திறக்கவில்லை.

சூடு கூடியது. அவர் பல்லைக் கடித்தார். திரை அப்படியே இருந்தது.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு இப்படி ஒரு பொண்டாட்டியா என்று மனசுக்குள் திட்டினாள் லோஷினி.

"போதும் அண்ணே. சூட்ட நிறுத்திட்டேன்."

ஹேமநாதன் மூச்சு விட்டார். கண்ணாடியில் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். கையசைப்பதற்காகக் கையைத் தூக்கினார்.

திரை பளிச்சென்று சிவந்தது. அவள் கையைச் சுட்டபோதுகூட அவ்வளவு சிவக்கவில்லை.

லோஷினி சூட்டுப் பொத்தானைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. அவர் கையை இறக்கினார். சிவப்பு மெல்ல அடங்கியது.

லோஷினி மறுபடியும் மைக்கை அழுத்தினாள்.

"அண்ணே, நீங்க வெளிய உட்காருங்க. அக்காவுக்கு இன்னொரு டெஸ்ட் இருக்கு."

அவர் போனதும் கதவைப் பூட்டினாள். மெஷினை நிறுத்தி, மலரை வெளியே எடுத்து உட்கார வைத்தாள்.

"அக்கா, அவரு வெளிய இருக்காரு. கதவு பூட்டியிருக்கு. வீட்ல உங்கள அடிக்கிறாரா?"

மலர் கதவையே பார்த்தாள்.

"சீக்கிரம் விட்டுரும்மா. லேட்டானா அதுக்கும் சேர்த்து விழும்."