ஐந்தாம் நம்பர் கட்டிலுக்கு இன்னும் போகலை

“எழுந்து வெளிய போடா மொதல்ல! ஆஸ்பத்திரின்னுகூட பாக்காம இன்னாடா இது?”

அம்சா போட்ட அதட்டலில் பெண்கள் வார்டே விழித்துக்கொண்டது. மகன் சரவணகுமார் தலையைக் குனிந்தபடி எழுந்தான். மறைமலைநகரில் நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, மனைவியின் ஐந்தாம் நம்பர் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தச் சத்தம். சாதாரணச் சத்தமும் இல்லை. மூன்றாம் நம்பர் கட்டில் அம்மாள் தூக்கம் கலைந்து, “யாரு?” என்று கேட்டுவிட்டாள்.

“நான்தாம்மா. பஸ்ல வேர்க்கடல துன்னேன்” என்றான்.

“போவ வேண்டியவளுக்குப் போவல. உனுக்கு இன்னாடா அவசரம்?”

அம்சாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. மருமகள் ஜெயப்பிரியா வீட்டுக்கு வந்து நாற்பதே நாள். அதற்குள் குடல்வால் வெடித்து, செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து இன்றோடு நான்காவது நாள். இப்படி ஆபரேஷன் செய்தால் குடல் தூங்கிப் போய்விடுமாம். அது விழித்துக்கொண்டதற்கு அடையாளம், காற்றுப் பிரிவது. பிரிந்த பிறகுதான் ஒரு வாய்த் தண்ணீர்கூட. அதுவரை கையில் ஏறும் குளுகோஸ்தான் சாப்பாடு.

மருமகள் பட்டினி கிடக்கும்போது தனக்கு மட்டும் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அம்சா நேற்றிலிருந்து காபியைக்கூடத் தொடவில்லை. பெண்ணைப் பெற்றவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானே காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். பாசக்காரிதான். ஆனால் அந்தப் பாசத்தை மெதுவாகப் பேச வைக்க யாராலும் முடியாது.

‘படாளம் சொந்தங்கள்’ வாட்ஸ்அப் குரூப்பில் எழுபத்திரண்டு பேர். மணிக்கொரு தரம் அம்சாவின் வாய்ஸ் மெசேஜ் அதில் போய் விழுந்தது.

“ஜெயாவுக்கு இன்னும் காத்து போவல. எல்லாரும் நல்லா வேண்டிக்கோங்க.”

எல்லோரும் நன்றாகவே வேண்டிக்கொண்டார்கள். துபாயிலிருந்து ஒரு சித்தப்பா கும்பிடு போட்ட படம் அனுப்பினார். திருக்கழுக்குன்றத்து நாத்தனார் போன் செய்து, காற்றுப் பிரிந்த மறுநாளே மலையேறி விளக்குப் போடுவதாக நேர்ந்துகொண்டிருப்பதைச் சொன்னாள். அம்சா எதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

ஜெயப்பிரியா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

நர்ஸ் ஜெனிட்டா வரும்போதெல்லாம் கட்டிலருகே நின்று, “காத்து போச்சாம்மா?” என்று கேட்டாள். பெண் வாயைத் திறப்பதற்குள் அம்சா முந்திக்கொள்வாள்.

“இல்ல சிஸ்டர். நான் எங்கியும் நவுராம இங்கதானே குந்திகினு கீறேன்.”

மத்தியானம் அம்சா உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சரவணகுமார் பூனை மாதிரி உள்ளே வந்தான். மனைவியின் காதருகே குனிந்து என்னவோ கெஞ்சினான். அவள் அவன் கையை நறுக்கென்று கிள்ளி, மாமியாரின் மடியிலிருந்த போனைக் கண்ணால் காட்டினாள்.

“வாயத் தொறந்தீங்கன்னா பாருங்க!”

பாவம், பசியில் புருஷன்மேல் எரிந்து விழுகிறாள் என்று மூன்றாம் நம்பர் அம்மாள் உச்சுக்கொட்டினாள். உச்சுக்கொட்டிக்கொண்டே இட்லியைச் சாம்பாரில் தோய்த்தாள். ஜெயப்பிரியா அந்த இட்லியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாண மேடையில் மாப்பிள்ளையைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

சாயங்காலம் டாக்டர் ஹேமந்த் வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஸ்டெத்தை வைத்து வெகுநேரம் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார்.

“வயிறு இளகித்தான் இருக்கு. உள்ள சத்தமும் நல்லாக் கேக்குது. ஆனா காத்து மட்டும் போகலைங்கறீங்க?”

“போவல டாக்டர். கண்ணுல வெளக்கெண்ண வுட்டுகினு பாத்துகினு கீறேன்.”

“அப்ப எங்கயாவது குடல் ஒட்டியிருக்கலாம். உடனே ஸ்கேன் எடுப்போம். அடைப்பு இருந்தா மறுபடியும் வயித்தத் திறந்துதான் ஆகணும். ஜெனிட்டா, எதுக்கும் தியேட்டர்ல சொல்லி வைங்க.”

அம்சா ஆடிப்போய்விட்டாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அப்படியும் அழுகை அடங்கவில்லை. அழுகிற அழுகையிலும் போனை எடுத்து வாய்ஸ் மெசேஜ் பட்டனை அழுத்தினாள். “ஐயோ, எம் பொண்ண மறுபடியும் அறுக்கப் போறாங்களாம்! எல்லாரும் ஓடியாங்க!” என்று அதில் கதறினாள். அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

கதவோரம் நின்றிருந்த சரவணகுமார் உள்ளே ஓடி வந்தான்.

“டாக்டர், ஒரு நிமிஷம்! நான் ஒண்ணு சொல்லணும்…”

“நீ ஒண்ணும் சொல்லாத!” அம்சா போனும் கையுமாக அவன்மேல் பாய்ந்தாள். “இவ இங்க உசுருக்குப் போராடிகினு கீறா. காலைல நீ பண்ண கூத்தே போதும், போடா வெளிய!”

போர்வை விலகியது. நான்கு நாளாகப் படுத்த படுக்கையாகவே கிடந்த ஜெயப்பிரியா, தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். வார்டு மொத்தத்துக்கும், எழுபத்திரண்டு சொந்தங்களுக்கும் சேர்த்துக் கத்தினாள்.

“அத்த, காலைல அது அவரு இல்ல… நான்!”