திருத்தும் அனுமதி

1988 தையில் இறந்துபோன, கணக்கெழுதும் கிராணி அர்ஜுனன், சித்திரைத் திருவிழா நாடகத்தைத் மலேசிய ரப்பர்த் தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதிவைத்திருந்தார். முடிவில் கதாநாயகி சாகிறாள். அந்த வேடம் டைப்பிஸ்ட் அம்சவல்லிக்கு. அவளுக்குச் சாக விருப்பமில்லை.

முடிவை மாற்ற, கோப்பைக் கம்ப்யூட்டரில் தன் பகுதிக்கு நகர்த்தினாள். அங்கே போயும் திருத்தும் அனுமதி அர்ஜுனனுக்கு மட்டுமே இருந்தது.

“காப்பி எடுலா. காப்பி எடுத்தவங்களுக்குத்தான் சொந்தம்,” என்றாள் உடன் வேலைசெய்த நவமணி.

நகலில் அம்சவல்லி கதாநாயகிக்குக் கல்யாணம் முடித்தாள். மறுநாள் அர்ஜுனனின் கோப்பைத் திறந்தால், அதிலும் கல்யாணம். அவள் எழுதாத ஒரு வசனமும் இருந்தது: “மாப்பிள்ள குளிர்ல நடுங்குறாரு, சீக்கிரம் தாலிய எடுங்கலா.”

மேடையில் அதைச் சொன்னதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாடகம் முடிந்ததும் அர்ஜுனனின் மனைவி கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

“அப்படியே அவரு பேச்சு. எப்ப எழுதுனாரு?”

“போன வாரம்க்கா,” என்றாள் அம்சவல்லி.