மேல் கொப்புப் பழம்

ஜெர்மனியின் பான் நகரில், வெரோனிக்கா வீட்டுச் செர்ரி மரம் பழுத்துக் குலுங்கிய நாளில்தான் அவள் மகள் எவ்லினைப் பெண் பார்க்க வந்தார்கள்.

“இண்டைக்கும் மரத்தில ஏறினியெண்டால் காலை முறிப்பன்,” என்று மிரட்டியபடியே மகளுக்குச் சேலை கட்டிவிட்டாள் வெரோனிக்கா. “மாப்பிள்ளையின்ர தாய் சரியான கண்டிப்பாம். குரங்குக் குட்டியை ஆர் மருமகளா எடுப்பினம்?”

மாப்பிள்ளையின் தாய் மரியமலர் வந்ததிலிருந்து சிரிக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

சற்று நேரத்தில் தோட்டத்தில் கொப்பு முறியும் சத்தம். வெரோனிக்கா துள்ளி எழுந்தாள். பின்கதவால் ஓடினாள். மரத்தின் இலைகளுக்குள் சேலைத் தலைப்பு ஆடியது.

“இறங்கடி எருமை! சம்பந்தி கண்டால் மானம் போகும்!”

“அம்மா, நான் இஞ்ச நிக்கிறன்.” தேநீர்த் தட்டோடு பின்னால் நின்றாள் எவ்லின்.

இலைகளை விலக்கி எட்டிப் பார்த்தது மரியமலரின் முகம். வாயெல்லாம் சிவப்பு.

“குறை நினையாதேங்கோ சம்பந்தி. ஊரில மடுக் காட்டில பாலைப்பழத்துக்கு மரமேறி வளந்த உடம்பு, இதைக் கண்டிட்டுச் சும்மா இருக்க ஏலாமப் போச்சு. மேல் கொப்பில குருவி கொத்தின பழம் தேன்!”

வெரோனிக்கா வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

“கொஞ்சம் தள்ளி இருங்கோ. நானும் அந்தக் காட்டுக் குரங்குதான்!”