அரைச் சுற்று

"வந்து ஆறு மாசம்கூட ஆகலை. புதுப் பிரிவுக்கு அவதான் தலைவியாம்."

சொன்னவள் சீனியர். பதினோரு வருஷமாக அதே ஆய்வுக்கூடத்தில் இருப்பதால் எல்லாருக்கும் அவள் சீனியர். அவள் குறைபட்டுக்கொண்டது புதுசைப் பற்றி. சேர்ந்து இத்தனை மாசம் ஆகியும் அந்தப் பெண்ணுக்குப் புதுசு என்கிற பேர் போகவில்லை.

"விடுங்க சீனியர். கைராசிக்காரி" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"கைராசியாம். கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்தது யாரு?"

அவர்கள் செய்வது ஏரோஜெல். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு காற்று, மீதிதான் பொருள். புகையைக் கத்தியால் வெட்டி வைத்த மாதிரி லேசான நீலத்தில் இருக்கும். கையில் வைத்தால் கனம் தெரியாது. ஆனால் மேலே ஒரு செங்கல்லை வைத்தாலும் தாங்கும்.

போன வாரம் புதுசு செய்த கட்டியின் மேல் ஒரு பூவை வைத்து, அடியில் நெருப்பைக் காட்டினார் டைரக்டர். பூ வாடவே இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

பார்த்துக்கொண்டிருந்த சீனியருக்குத்தான் வயிறு எரிந்தது.

நாளைக்குத் தடுப்பூசியைச் சூடு படாமல் வைக்கிற பெட்டி செய்கிற கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் காட்டத் தலையணை அளவில் ஒரு கட்டி செய்திருந்தாள் புதுசு. இரண்டு நாளாக அது அழுத்தக் கலத்துக்குள் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கிற அழுத்தத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். அவசரப்பட்டால் கட்டி உடைந்துவிடும்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சீனியர் மட்டும் கலத்தின் முன்னால் நின்றாள்.

வால்வை அரைச் சுற்றுத் திருகினாள். புஸ்ஸென்று சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் விட்டுப் பழையபடி மூடிவிட்டுக் கை கழுவப் போனாள்.

நாலு மணிக்குக் கலத்தைத் திறந்தார்கள். தலையணை இல்லை. துண்டும் தூளுமாகக் கிடந்தது.

டைரக்டர் பதிவைப் பார்த்தார். "ஒண்ணே காலுக்கு அழுத்தம் சரசரன்னு இறங்கியிருக்கு. யார் தொட்டது?"

சீனியர் கலத்துக்குள் கிடந்த தூளையே பார்த்தாள்.

"நான்தான் சார்" என்றாள் புதுசு. "சீக்கிரம் எடுத்துடலாம்னு அவசரப்பட்டுட்டேன்."

டைரக்டர் அவளையே பார்த்தார். "உன்கிட்ட இதை எதிர்பார்க்கலை. நாளைக்குப் பழைய கட்டியைக் காட்டிச் சமாளிச்சுக்கறேன். புதுப் பிரிவை சீனியரே பாத்துக்கட்டும்."

சீனியர் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் எல்லாரும் போனதும் புதுசின் பக்கத்தில் போய் நின்றாள். புதுசு துண்டுகளைப் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே காலுக்கு நீ சாப்பாட்டு ரூம்ல இருந்தே. எதுக்குப் பொய் சொன்னே?"

"ஸ்பூனை மறந்துட்டேன்னு எடுக்க வந்தேன் அக்கா. நீங்க வால்வை மூடிட்டிருந்தீங்க. கதவுக் கண்ணாடி வழியா தெரிஞ்சுது."

சீனியர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன்னைப் பாத்து வயிறெரிஞ்சுதான் பண்ணேன். எனக்காக நீ பழி ஏத்துக்க வேணாம். இப்பவே டைரக்டர்கிட்ட போய்ச் சொல்லிடறேன்."

"அப்ப நானும் கூட வரணும்."

"நீ எதுக்கு?"

புதுசு தட்டைக் கீழே வைத்தாள்.

"போன மாசம் உங்க கட்டி உள்ளே இருந்தப்போ, இதே வால்வுல நானும் கை வெச்சேன் அக்கா. எதுக்கெடுத்தாலும் 'சீனியரைக் கேளு, சீனியரைக் கேளு'ன்னே சொல்றாங்களேன்னு ஒரு ஆத்திரம்."

"அப்புறம் ஏன் திருகலை?"

"நீங்க உள்ளே வந்து 'சாப்பிட்டியா'ன்னு கேட்டீங்க. கையை எடுத்துட்டேன். இன்னைக்கு உங்களைக் கேக்கத்தான் யாரும் வரலை."