மொட்டைக் கடுதாசி

பெரியதுரை நிரஞ்சன் மீனம்மாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றார். தேயிலைத் தோட்டத்தையே ஆளுகிறவருக்கு இவ்வளவு கோபம் என்றால் இன்று தப்ப முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

விசாரித்தது பெரிய கிளாக்கர் லியனார்ட். கொழும்புத் தலைமையகத்துக்குப் போயிருந்த மொட்டைக் கடுதாசியின் நகலை உரக்க வாசித்தார்.

“‘பிள்ளைமடுவத்தின் பின்சுவர் வெடித்துவிட்டது. அடுத்த பெருமழைக்கு இருபத்திரண்டு குழந்தைகள்மேல் சரியும். மூன்று தடவை அறிவித்தும் பதில் இல்லை.’ அங்க புள்ளைகளப் பாத்துக்கிற ஆயா நீதானே? நீ எழுதாம வேற யாரு எழுதினா?”

“செவுரு வெடிச்சது நெசந்தாங்கய்யா. ஆனா நான் எழுதலங்க. ஒங்ககிட்ட ஒரு தடவ வந்து சொன்னேன், அவ்வளவுதாங்க.”

“நீ சொன்னத நான் தொரகிட்ட சொன்னேன். தொர கொழும்புக்கு எழுதினாரு. அதுதான் முற. நடுவுல இது என்ன வேல?”

முறைப்படி போனதற்கு ஆறு மாதமாகப் பதில் இல்லை. பெயரில்லாத காகிதத்துக்கு மூன்றே நாளில் பதில் வந்திருந்தது. எழுதியவர் பெயர் இன்று நாலு மணிக்குள் வேண்டுமாம். சுவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

“கடுதாசி கம்ப்யூட்டர்ல அடிச்சது. ஒன் மக சுலக்ஷனா ராகலையில போட்டோக்கொப்பி கடையிலதானே வேல செய்றா? பொலிசுல குடுத்தா, அவங்க கேக்கிற விதமா கேப்பாங்க.”

மகள் வாய்த்துடுக்குக்காரி, செய்தாலும் செய்திருப்பாள். மீனம்மா திரும்பிப் பார்த்தாள். கதவை வெளியிலிருந்து சாத்தியிருந்தார்கள்.

ஒத்துக்கொண்டால் வேலை போகும். வேலையோடு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். போகட்டும், மகள் பொலிஸ் படி ஏறக் கூடாது.

“நான்தாங்கய்யா எழுதினேன்” என்றாள். “மகளுக்கு ஒண்ணுமே தெரியாது. எங்க கையெழுத்து வைக்கணும்?”

லியனார்டுக்கு உயிர் வந்தது. மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. வாக்குமூலத்தை நாலே வரியில் எழுதி முடித்து, பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.

பேனா அவள் கைக்குப் போகவில்லை. எப்போது திரும்பினாரோ, பெரியதுரை அதை நடுவிலேயே வாங்கிக்கொண்டார். எழுதி வைத்திருந்த தாளில் ‘மீனம்மா’ என்ற பெயரை ஒரே கோடாக அடித்தார்.

“கொழும்புக்கு என் பேர அனுப்புங்க, லியனார்ட். அத எழுதினது நான்.”